மூன்று பேர்தான் மேலே ஏறலாம்

செல்வாம்பாளுக்குப் பிரான்சுக்குப் போக விசா தேவையில்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மருமகள் சிவசங்கரியைக் கூப்பிட்டாகிவிட்டது. அவளுக்கு விசா வரவில்லை. இப்படிப் போகக்கூடியவளும் போக முடியாதவளுமாக இரண்டு பெண்பிள்ளைகள் நெல்லித்தோப்பில் ஒரே வீட்டில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராட்சதர்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுனாமி வந்துபோனதற்கு அடுத்த வருஷம் அது.

செல்வாம்பாளின் புருஷன் ராமலிங்கம் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பாண்டிச்சேரியில் அதுதான் பெயர். அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவிக்குப் பென்ஷனையும், மனைவிக்கும் மகனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையையும், தெருவில் 'சொல்தா வீடு' என்ற பெயரையும் விட்டுப் போனார். மகன் கமலக்கண்ணன் அந்தக் குடியுரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு பாரீசுக்குப் போய், ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். நடுவில் ஒருமுறை வந்து வில்லியனூர்ப் பெண்ணான சிவசங்கரியைக் கட்டிக்கொண்டு, லீவு முடிந்ததும் தனியாகத் திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீயும் வந்துடேம்மா" என்று கேட்கத்தான் கேட்டான். "எனக்கு எதுக்குடா அங்க?" என்றாள் செல்வாம்பாள். நம் ஊரில் முதல் தடவை கேட்டதும் யாராவது சரி என்பார்களா? கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறைப்போம், மறைத்துக்கொண்டே வாளியைப் பார்ப்போம். பரிமாறுகிறவனுக்கு அது தெரியும். கமலக்கண்ணனுக்கும் ஒரு காலத்தில் தெரிந்துதான் இருந்தது. வெளியூர்ப் பிழைப்பில் மறந்துவிட்டான் போலும். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

இரண்டாவது தடவை கேட்பான் என்று செல்வாம்பாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மருமகளும் போய்விட்டால் இந்த வீட்டில் தான் மட்டும்தான் என்ற நினைப்பு வரும்போது அவளுக்குத் தூக்கம் போய்விடும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது தானே கேட்டு வாங்கினதாகிவிடும்.

ஆட்டத்தின் கதை வேறு. சிவசங்கரி பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பு எடுத்த அம்மா, தினமும் வீட்டில் பிரெஞ்சு கேளுங்கள், பிரெஞ்சு படியுங்கள் என்று சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த பிரெஞ்சு இரண்டுதான். ஒன்று, மாமனாரின் பட்டாளத்துக் காகிதங்கள். மற்றொன்று, கமலக்கண்ணன் விட்டுப்போன பிளேஸ்டேஷன் பெட்டியும் அவனுடைய பெரியப்பா மகன் பாரீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு ஆட்டமும். காகிதங்களைவிட ஆட்டம் தேவலை என்று அவள் டிவியோடு அதை இணைத்தாள். அதன் பலனாக, ஒரு மாதத்தில் 'வடக்கிலிருந்து எதிரிகள் வருகிறார்கள்', 'உன் கவசத்தை விற்றுவிடு', 'இந்தக் குகையில் முன்பு ஒரு மன்னன் இருந்தான்' என்றெல்லாம் அவளால் சரளமாகச் சொல்ல முடிந்தது. தக்காளி என்ன விலை என்று கேட்க வரவில்லை. வகுப்பு எடுத்த அம்மா உச்சரிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

ஏதோ ஒரு நாடு. அங்கே சூரியனை ஒருவன் திருடிக்கொண்டுபோய் ஒரு கோபுரத்தின் உச்சியில் பூட்டிவைத்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து காடு மலையெல்லாம் தாண்டிப் போய் மீட்க வேண்டும். கத்தி பிடித்த இளைஞன் ஒருவன், வைத்தியம் பார்க்கும் பெண் ஒருத்தி, கோலூன்றிய தாடிக்கார மந்திரவாதி ஒருவர், கோடாலி தூக்கிய பருத்த பெண்ணொருத்தி. இவர்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை ஆட்டம் நம்மிடமே விட்டுவிடுகிறது. வேறு யாராவது என்றால் வாய்க்கு வந்த பெயரை வைத்திருப்பார்கள். சிவசங்கரிக்கு முன்பின் தெரியாதவர்களோடு ஊர் ஊராகச் சுற்றுவது சரியாகப் படவில்லை. வீட்டுப் பெயர்களையே வைத்தாள். ஆனால் பெட்டி ஆறு இங்கிலீஷ் எழுத்துக்குமேல் ஏற்க மறுத்தது. கமலக்கண்ணன் கமலா ஆனான். சிவசங்கரி சிவசா ஆனாள். சுவரில் மாலையோடு இருந்த மாமனார் ராமலி ஆனார். நாலாவதாகச் செல்வம்.

"அந்தக் குண்டுப் பொம்பள யாரு?" என்று செல்வாம்பாள் முதல் நாள் கேட்டாள். அப்போது அவள் வெற்றிலை மடித்துக்கொண்டு சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான்.

சிவசங்கரி மென்று விழுங்கினாள். "நீங்கதான் அத்தை."

செல்வாம்பாள் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தச் சமயம் பார்த்துச் செல்வம் ஒரு ஓநாயை இரண்டாகப் பிளந்தாள்.

"கோடாலி நல்லா இருக்குது" என்றாள் செல்வாம்பாள்.

அன்றிலிருந்து அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. புருஷன் தன்னை வேலை வாங்கிய தோரணையில் டிவியைப் பார்த்து "வித்! வித்!" என்று விரட்டுவாள். சீக்கிரம் என்பதற்குப் பிரெஞ்சு. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது. மருமகள் வைத்தியம் பார்க்கும் முறையில் அவளுக்குக் குறை இருந்தது. "உம் புருஷனுக்கு நகம் கீறினாகூட ஓடிப்போய் மருந்து போடற. நான் கழுத்து வரைக்கும் வெட்டு வாங்கிக்கினு நிக்கறேன், கண்டுக்க மாட்டேங்கற."

"உங்களுக்கு ரத்தம் ஜாஸ்தி அத்தை. தாங்குவீங்க."

"தாங்குவேன், தாங்குவேன். எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

ராமலிங்கத்தின் நிலைமை மோசம். மந்திரவாதிக்கு உடம்பில் தெம்பு கிடையாது. ஒரு வௌவால் இடித்தால் விழுந்துவிடுவார். அவர் இறந்துவிட்டார் என்று திரையில் பிரெஞ்சில் வரும். அந்த வார்த்தை செல்வாம்பாளுக்குத் தெரிந்த மீதிப் பாதியில் இருந்தது. அவருடைய சாவுக் காகிதத்தில் அதே வார்த்தை இருந்தது. முதல் தடவை அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சிவசங்கரி பதறிப்போய் ஒரு சிவப்புக் குப்பியைக் கொடுத்து அவரை எழுப்பினாள். பிறகு பழகிவிட்டது. அவர் நாளுக்கு நாலு தடவை சாவதும் மருமகள் எழுப்புவதும் நடந்துகொண்டிருந்தன. "உடனே எழுப்பாத, கொஞ்சம் படுத்திருக்கட்டும்" என்பாள் செல்வாம்பாள். "உசுரோட இருந்தப்ப ரெஸ்ட்டே எடுத்ததில்ல." இதைச் சொல்லிவிட்டுச் சில நாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், சில நாள் துடைத்துக்கொள்ள மாட்டாள்.

அந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு பை உண்டு. யார் பையில் எதை வைப்பது என்பது நம் இஷ்டம். சிவசங்கரி எதையும் யோசிக்கவில்லை. சிவப்புக் குப்பிகள், விளக்குக்கு எண்ணெய், வழியில் கிடைத்த சாவிகள் எல்லாவற்றையும் செல்வத்தின் பையிலேயே போட்டுவந்தாள். வீட்டில் பீரோ சாவியும் அரிசிப் பானைக் கணக்கும் மாமியாரிடம். அந்நிய தேசத்தில் மட்டும் வேறு மாதிரி இருக்குமா என்ன?

இப்படியே போய்க் கோபுரத்தை நெருங்கியபோது விசா வந்துவிட்டது.

கமலக்கண்ணன் அன்றே டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான். ஒரு டிக்கெட். செல்வாம்பாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கிளறிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி, "அப்ப நீங்க?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு அங்க?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இவ்வளவு நன்றாகச் சொல்லப் பழகியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது.

ஊருக்குப் போவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று சிவசங்கரி வேகமாக ஆடினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் கோபுர வாசலுக்கு வந்துசேர்ந்தார்கள். அங்கே ஒரு கல் பொம்மை கண்ணைத் திறந்து பேசியது. சிவசங்கரி அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தாள்.

"இன்னா சொல்லுது?"

"கதவத் தூக்கறதுக்கு ஒரு சங்கிலி இருக்குதாம். அத ஒருத்தர் புடிச்சிக்கினே இருக்கணுமாம். மூணு பேருதான் மேல போகலாம். ஒருத்தர் இங்கயே தங்கிடணும்."

"அப்புறமா வந்து கூட்டிக்கினு போலாமா?"

சிவசங்கரி மறுபடி அகராதியைப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் போடல அத்தை."

திரையில் நாலு பெயர்கள் வரிசையாக நின்றன. புருஷனை விட முடியாது. செத்துப்போன மாமனாரை இருட்டில் தனியாக விடுவது பாவம். தன்னையே விட்டால் மருந்து போட ஆளில்லை. மிச்சம் இருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். சிவசங்கரி ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, "யோசிச்சு செய்யலாம்" என்று துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்துவைக்க வழியில்லை. பெட்டியை அணைத்தால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி வரவேண்டும். ஆகையால் அணைக்கவில்லை. வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் அந்த நாலு பெயர்கள் டிவியில் அப்படியே நின்றன. சீரியல் பார்க்க முடியவில்லை. அஞ்சலாட்சி எட்டிப் பார்த்து, டிவி ரிப்பேரா என்று கேட்டாள். ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது என்று செல்வாம்பாள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது சிவசங்கரி குளித்துக்கொண்டிருந்தாள். செல்வாம்பாள் எடுத்தாள். மகன் பெட்டிக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று சொன்னான். ஊறுகாயை நாலு கவர் போட்டுக் கட்டச் சொன்னான். எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டு அவள் கேட்டாள்:

"டேய், அந்த ஆட்டத்துல கோபுர வாசல்ல ஒருத்தர விட்டுட்டுப் போகணுமாமே. உனக்குத் தெரியுமா?"

கமலக்கண்ணன் உற்சாகமாகிவிட்டான். "அங்க வந்துட்டாளா? நான் மூணு தடவ முடிச்சிருக்கேம்மா. யோசிக்கவே வேணாம். கோடாலி புடிச்சிக்கினு ஒரு பொம்பள வரும் பாரு, அத விட்டுடச் சொல்லு. எல்லாரும் அதத்தான் விடுவாங்க."

"ஏன்டா?"

"மேல படிக்கட்டா இருக்கும். அது மெதுவா வரும். கீழ சண்ட போடத்தான் அது. அதுக்கப்புறம் அது பாரம்தாம்மா."

"பாரமா?"

"ஆமா. அது இல்லாம போனாதான் சீக்கிரம் முடியும்."

"சரிப்பா. சொல்றேன்" என்றாள் செல்வாம்பாள். அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றான். அவள் போனை வைத்துவிட்டு, கீழே விழுந்துவிடாமல் சரியாகத்தான் வைத்தோமா என்று இரண்டு தடவை பார்த்தாள். சிவசங்கரி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு ஊறுகாய் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் சிவசங்கரி வில்லியனூருக்கு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். செல்வாம்பாள் வாசலைப் பெருக்கினாள், குழம்பு கூட்டினாள், பிறகு டிவியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ரிமோட்டை அவள் அதுவரை தொட்டதில்லை. ஆனால் இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாதா? கீழே, கீழே என்று அமுக்கினாள். நாலாவது பெயரில் வெளிச்சம் வந்து நின்றது. உறுதியா என்று ஆட்டம் கேட்டிருக்க வேண்டும். அவள் மறுபடி அமுக்கினாள்.

செல்வம் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். கதவு மேலே போனது. மற்ற மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள். ஒருவராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று செல்வாம்பாள் பார்த்தாள். அவை பொம்மைகள், அவற்றுக்கு அதெல்லாம் தெரியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் ராமலிங்கமாவது பார்த்திருக்கலாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சிவசங்கரி மத்தியானம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரு அத்தை மாத்துனது?"

"நாந்தான். எவ்ளோ நாளைக்குத்தான் டிவி ஓடிக்கினே இருக்கும்? கரண்டு பில்லு யாரு கட்டறது?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆடு. மேல போய்ச் சூரியன எட்தாந்துடு."

சிவசங்கரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள். மூன்று பேரும் படிக்கட்டில் ஏறினார்கள். மகன் சொன்னது உண்மைதான், வேகமாகத்தான் போனார்கள். உச்சியில் ஒரு வெள்ளிக் கதவு இருந்தது. சாவி கேட்டது.

சிவசங்கரி கமலாவின் பையைத் திறந்தாள். அரை ரொட்டி இருந்தது. ராமலியின் பையில் ஒன்றுமில்லை. சிவசாவின் பையில் வழியில் ஒரு குழந்தை கொடுத்த பூ இருந்தது. அவள் மூன்று பைகளையும் மறுபடி முதலிலிருந்து திறந்து பார்த்தாள்.

"அத்தை, சாவி உங்க கிட்ட இருக்குது."

"எங்கிட்டயா?"

"எல்லாமே உங்க கிட்டதான் இருக்குது. மருந்து, எண்ணெய், எல்லாம்."

திரும்பி இறங்கலாம் என்றால் ஏறிவந்த படிக்கட்டு அடைத்துக்கொண்டது. வௌவால்கள் வந்தன. வழக்கம்போல் ராமலிங்கம் முதலில் இறந்தார். எழுப்பக் குப்பி இல்லை. கமலா கொஞ்ச நேரம் கத்தியைச் சுழற்றினான். கடைசியாகச் சிவசா விழுந்தாள். திரை கறுத்து, அதில் ஒரு வரி வந்தது.

"இன்னா போட்டிருக்குது?"

"'உங்கள் பயணம் இத்தோடு முடிந்தது.'"

"கீழ ஒருத்தி சங்கிலியப் புடிச்சிக்கினு நிக்கறாளே, அவ?"

"அவளப் பத்தி ஒண்ணும் போடல அத்தை."

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?" என்றாள் சிவசங்கரி. குரலில் கோபம் இல்லை. அழுகைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"கண்ணன்தான் சொன்னான். கோடாலிக்காரிய விட்டுடணுமாம். மேல அவ பாரமாம்."

"அது நீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மாத்திச் சொல்லுவான். அது எதுக்கு எனக்கு?"

சிவசங்கரிக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்தாற்போல் உறைத்தது; போன் பக்கத்து நாற்காலி, கேசரி, சிரிப்பு, எல்லாம். "சாவியெல்லாம் வச்சிக்கினு நீங்க இங்கயே உக்காந்துட்டா நாங்க மேல போய் இன்னா பண்றது?" என்று சத்தம் போட்டாள். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "நீங்களும் எங்க கூடவே வந்துடுங்களேன் அத்தை" என்றாள்.

ஒரு வருஷமாகக் காத்திருந்த கேள்வி வாசல் தாண்டி உள்ளே வந்து நின்றது. செல்வாம்பாள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு எதுக்குடி அங்க? நீங்க சின்னஞ்சிறுசுங்க, போய் நல்லா இருங்க."

அது தானாக வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பழகின நாக்கு. அவள் யோசிப்பதற்குள் முந்திக்கொண்டது. சிவசங்கரி வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். அன்று அவள் வெயிலில் பஸ்ஸில் வந்தவள், அம்மாவைப் பிரிந்து அழுதவள், இப்போது சூரியனையும் கோட்டை விட்டவள். "சரி அத்தை" என்றாள். எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அரிசி அளக்கிற சத்தம் கேட்டது.

செல்வாம்பாள் டிவியைப் பார்த்தாள், சுவரில் இருந்த புருஷனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். சமையல்கட்டில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையல்கட்டு நிலைப்படியில் போய் நின்றாள்.

"சங்கரி."

"ம்."

"இன்னொரு தடவ கேளு."

சிவசங்கரி களைந்த அரிசியோடு திரும்பினாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இன்னாது அத்தை?"

"இப்ப கேட்டியே, அத. இன்னொரு தடவ கேளு."

மருமகள் அவளையே பார்த்தாள். பிறகு பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு, பந்தியில் மரியாதைப்பட்டவர்களைக் கேட்பதுபோல் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "எங்க கூட வரீங்களா அத்தை?"

"வரேன்" என்றாள் செல்வாம்பாள். "தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குதுடி."

சொல்லிவிட்டு, மருமகள் முன்னால் அதுவரை அழாதவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிவசங்கரி ஈரக் கையை அப்படியே நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டாள்.